திரிபு களைதல்: கண்ணொளிக் கொள்கை கற்பிக்கும் பாடம்

தோற்றுவாய்

கற்பித்தல் என்றவுடன் வெற்றுக் குடத்தில் நீர் வார்க்கும் காட்சியே பலர் உள்ளத்தில் தோன்றுகிறது. ஆசிரியர் வார்க்கின்றார், மாணவர் உள்ளம் நிறைகின்றது, நிறையாவிடின் குடம் ஓட்டை என்று முடிவு கட்டப்படுகிறது. ஆயின் வகுப்பறைக்குள் நுழையும் மாணவர் எவரும் வெற்றுக் குடமாக வருவதில்லை. பொருள் ஏன் கீழே விழுகிறது, கண் எவ்வாறு காண்கிறது, மொழி எதனால் ஆயது என்பன பற்றியெல்லாம் அவர் முன்னரே ஒரு முடிவு கொண்டிருக்கிறார். எவரும் சொல்லிக்கொடாமல், தாமே கண்டும் கேட்டும் பேசியும் அமைத்துக்கொண்ட முடிவுகள் அவை.

அறிவின் குற்றங்களை நம் முன்னோர் அறியாமை, ஐயம், திரிபு என வேறுபடுத்திக் காட்டினர். ஒன்றைப் பற்றி ஏதும் அறியாதிருத்தல் அறியாமை. இதுவோ அதுவோ என உள்ளம் ஊசலாடுதல் ஐயம். ஒன்றைப் பிறிதொன்றாகத் துணிந்து கொள்ளுதல் திரிபு. பழுதையைப் பாம்பெனக் கொள்வது இதற்குக் காட்டப்படும் பழைய சான்றாகும். அறியாமை உடையவன் வினவுவான். ஐயம் உடையவன் ஆராய்வான். திரிபு உடையவனோ தான் அறிந்துவிட்டதாகவே எண்ணி அமைந்திருப்பான். ஆதலின் மூன்றனுள் நீக்குதற்கு அரியது திரிபே எனலாம்.

புதிய பாடத்தைக் கற்கும்போது இத்திரிபு எவ்வாறு நீங்குகிறது? சரியானதைச் சொல்லிவிட்டால் தவறானது தானே ஓடிவிடுமா? இவ்வினாக்களுக்குக் காட்சிக் கொள்கையின் வரலாறும் அண்மைக்கால ஆய்வுகளும் தரும் விடையை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்ணிலிருந்து புறப்படும் கதிர்

கண் எவ்வாறு காண்கிறது என்னும் வினாவிற்குப் பண்டைக் கிரேக்க அறிஞர் பலர் ஒரே வகையான விடை தந்தனர். கண்ணிலிருந்து ஒளி அல்லது கதிர் ஒன்று புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுகிறது. அதனால் பொருள் புலனாகிறது என்றனர். எம்பிடோக்ளிஸ் கண்ணை விளக்கிற்கு ஒப்பிட்டார். கி.மு. 300 அளவில் வாழ்ந்த யூக்ளிட், கதிர்கள் கண்ணை உச்சியாகக் கொண்டு கூம்பு வடிவில் நேர்கோடுகளாய்ப் பரவுகின்றன எனக் கொண்டு காட்சியை வடிவகணிதத்தால் விளக்கினார். கி.பி. 2 ஆம் நூற்றாண்டில் தாலமி அக்கணிதத்தை மேலும் வளர்த்தார். அராபிய மெய்யியலின் முன்னோடியாகிய அல்கிந்தியும் 9 ஆம் நூற்றாண்டில் இக்கொள்கையையே ஆதரித்தார்.

இவர்கள் அறிவிற் குறைந்தவர் அல்லர். அவர்களை அக்கொள்கைக்கு இட்டுச் சென்ற காரணங்கள் இன்றும் நமக்கு விளங்கக்கூடியனவே. தரையில் விழுந்த ஊசி கண்ணெதிரே கிடந்தும் உடனே புலப்படுவதில்லை. பார்வை அதன்மேல் சென்று பட்ட பின்னரே தெரிகிறது. இருளிற் பூனையின் கண்கள் ஒளிர்கின்றன. விரும்பிய பக்கம் திரும்பினால் காண்கிறோம். கண்ணை மூடினால் காட்சி நின்றுவிடுகிறது. காண்டல் என்பது நாம் செய்யும் ஒரு வினை போலவே தோன்றுகிறது. வினை செய்பவரிடமிருந்துதானே ஏதேனும் புறப்பட வேண்டும்?

மொழியும் இவ்வெண்ணத்திற்குத் துணை நிற்கிறது. பார்வையைச் செலுத்தினான், பார்வை பாய்ந்தது, கண் வீசினாள், கண்ணொளி மங்கியது என்று நாம் இயல்பாகப் பேசுகிறோம். திருக்குறளின் 58 ஆம் அதிகாரத்தின் பெயர் கண்ணோட்டம். கண் பிறர்மேல் ஓடிச் செல்லுதல் என்னும் உருவகமே இரக்கம் என்னும் உயர்ந்த பண்பிற்குப் பெயராயிற்று. இவ்வழக்குகள் பிழையுடையன அல்ல, அழகியனவே. ஆயினும் கண்ணிலிருந்து ஏதோ ஒன்று புறப்படுகிறது என்னும் எண்ணம் மனிதர்க்கு எவ்வளவு இயல்பானது என்பதை இவை காட்டுகின்றன. திரிபு பெரும்பாலும் மடமையிலிருந்து பிறப்பதன்று. நாள்தோறும் பட்டறிந்ததை ஒழுங்குபடுத்த முயலும் அறிவே அதனையும் பெற்றெடுக்கிறது.

இப்னுல் ஹைதம் செய்த மாற்றம்

965 இல் பஸராவிற் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து, 1040 அளவில் மறைந்த இப்னுல் ஹைதம், ‘கிதாபுல் மனாளிர்’ என்னும் காட்சி நூலை ஏழு பகுதிகளாக இயற்றினார். கண்ணிலிருந்து கதிர் புறப்படுகிறது என்னும் கொள்கையை அந்நூல் மறுத்தது. மறுத்தவர் அவர் ஒருவரே அல்லர். அரிஸ்டாட்டில் முன்னரே மறுத்திருந்தார். இப்னுல் ஹைதமின் காலத்தவராகிய இப்னு ஸீனாவும் மறுத்தார். எனினும் மறுத்த முறையில்தான் இப்னுல் ஹைதமின் சிறப்பு விளங்குகிறது. திரிபு களையும் கலையை அறிய விரும்புவோர் அம்முறையைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும்.

முதலாவதாக, பழைய கொள்கையால் விளக்க இயலாத நிகழ்ச்சிகளை அவர் எடுத்துக்காட்டினார். கதிரவனை உற்றுநோக்கினால் கண் வலிக்கிறது. மிக்க ஒளியுடைய பொருளை நெடுநேரம் நோக்கிவிட்டு இருண்ட இடத்தை நோக்கினால் அப்பொருளின் சாயல் கண்ணில் நின்று தெரிகிறது. ஒளி கண்ணுட் புகுந்து அதன்மேல் ஒரு விளைவை உண்டாக்குகிறது என்பதற்கு இவை சான்றாயின. இவற்றைக் காண எந்தக் கருவியும் தேவையில்லை. எவரும் தம் கண்ணாலேயே சோதித்தறியலாம்.

இரண்டாவதாக, எதிர்த்தரப்பின் கொள்கையை அதன் போக்கிலேயே நடத்திச் சென்று அது எங்கே முடிகிறது என்று காட்டினார். கண்ணிலிருந்து கதிர் சென்று பொருளைத் தொடுவதாகவே கொள்வோம். தொட்டதன் செய்தி கண்ணுக்குத் திரும்பி வந்தாலன்றிக் காட்சி நிகழாது. அங்ஙனம் பொருளிடமிருந்து கண்ணுக்கு ஏதோ ஒன்று வருவது எவ்வகையாலும் வேண்டப்படுமாயின், கண்ணிலிருந்து ஒன்று செல்வது எதற்கு?

மூன்றாவதாக, பழைய கொள்கையில் இருந்த நல்ல பகுதியை அவர் எறிந்துவிடவில்லை. யூக்ளிடும் தாலமியும் அமைத்த கூம்பையும் நேர்கோடுகளையும் அப்படியே வைத்துக்கொண்டார். ஒளி செல்லும் திசையை மட்டும் மாற்றினார். பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எல்லாத் திசைகளிலும் ஒளி பரவுகிறது. அவற்றுள் கண்ணை வந்தடைவன காட்சியை உண்டாக்குகின்றன என்றார். வடிவகணிதம் கற்றவர்கள் தாம் கற்றது அனைத்தும் பாழ் என்று கலங்க வேண்டிய நிலை இதனால் ஏற்படவில்லை. அவர்கள் வரைந்த கோடுகள் நின்றன. அவற்றின் பொருள் மாறியது.

திரிபு கண்டவரிடமும் எஞ்சிய திரிபு

இத்துணை நுட்பம் உடைய பேரறிஞரும் முழுமையாக வெளியேற இயலாத ஓர் எல்லை இருந்தது. பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கண்ணின் எல்லாப் பகுதிக்கும் ஒளி வருமாயின் காட்சி கலங்கிப் போகாதா என்னும் இடர் எழுந்தது. கண்ணின் பரப்பிற் செங்குத்தாக விழும் கதிர்களே காட்சிக்கு உரியன என்று அவர் விடை கண்டார். மேலும், கண்ணினுள் இருக்கும் வில்லையே காணும் உறுப்பு என்று முன்னோரைப் பின்பற்றிக் கொண்டார். நேராகத் தெரியும் உலகம் கண்ணுக்குள் தலைகீழாகப் பதிவதை ஏற்க அவருடைய விளக்கத்தில் இடமில்லை.

1604 இல் கெப்ளர் வெளியிட்ட நூலில்தான் வில்லை ஒளியைக் குவிக்கும் கருவியே என்பதும், விழித்திரையில் உருவம் தலைகீழாக விழுகிறது என்பதும் நிறுவப்பெற்றன. இலத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டிருந்த இப்னுல் ஹைதமின் கொள்கையும், அதனைத் தழுவி எழுந்த நூல்களும் கெப்ளருக்கு அடித்தளமாயின. ஒரு திரிபைக் களைந்தவரிடம் மற்றொன்று தங்கியிருத்தல் இயல்பு. இதனை இப்னுல் ஹைதமே உணர்ந்திருந்தார் என்றும் கூறலாம். தாலமியின் கருத்துகள் மீது ஐயங்களை எழுப்பிய நூலில், உண்மையைத் தேடுவோர் முன்னோர் நூல்களை ஐயுற்று ஆராய்வதோடு அமையாது, ஆராயும் தம்மையும் ஐயுறல் வேண்டும் என்னும் கருத்தை அவர் வற்புறுத்தினார்.

இன்றைய மாணவரும் பழைய கொள்கையும்

கண்ணிலிருந்து கதிர் புறப்படும் கொள்கை நூல்களிலிருந்து மறைந்து பல நூற்றாண்டுகள் ஆயின. மாந்தர் உள்ளத்திலிருந்து அது மறைந்துவிட்டதா? அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வைனர் என்னும் உளவியலாரும் அவருடன் பணியாற்றியோரும் இவ்வினாவை எழுப்பிப் பல ஆய்வுகள் நடத்தினர். 2002 இல் அவர்கள் தொகுத்து வெளியிட்ட முடிவுகள் வியப்பளிப்பன. நாம் ஒன்றைக் காணும்போது கண்ணிலிருந்து ஏதேனும் வெளிச்செல்கிறதா என்று கேட்டபோது, சிறுவர்கள் மட்டுமன்றிக் கல்லூரி மாணவர்களிலும் கணிசமான பகுதியினர் ஆம் என்றே விடையிறுத்தனர்.

இதனினும் கருதத்தக்கது மற்றொன்று. காட்சி பற்றிய பாடத்தைப் படித்த பின்னரும் அம்மாணவர்களின் எண்ணம் பெரிதும் மாறவில்லை. ஒளி கண்ணுட் புகுந்து விழித்திரையை அடைகிறது என்று பாடம் கூறியது. அதை அவர்கள் ஏற்றுக்கொண்டனர். ஆனால் கண்ணிலிருந்து எதுவும் வெளியே செல்வதில்லை என்று பாடம் கூறவில்லை. எனவே பழைய எண்ணத்தின் அருகிலேயே புதிய செய்தியையும் அமர்த்திக்கொண்டனர். கண்ணிலிருந்து எதுவும் புறப்படுவதில்லை என்று வெளிப்படையாக மறுத்துரைத்தபோதுதான் மாற்றம் தென்பட்டது. அதுவும் சில மாதங்களுக்குப் பின் மீண்டும் வினவியபோது நிலைத்திருக்கவில்லை.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. சரியானதைக் கூறுவது வேறு; தவறானதை நீக்குவது வேறு. முன்னதைச் செய்தால் பின்னது தானே நிகழும் என்று எண்ணுவது கற்பிப்போரிடம் உள்ள திரிபாகும். இத்திரிபின் விலையைக் கொடுப்பவர் மாணவரே. தேர்வுத்தாளுக்கு ஓர் அறிவு, வாழ்க்கைக்கு ஓர் அறிவு என இரண்டு கணக்கு எழுதப் பழகிவிடுகிறார். மதிப்பெண் வந்துவிடுவதால் அவருக்கும் தெரிவதில்லை, ஆசிரியர்க்கும் தெரிவதில்லை. அடுத்த ஆண்டுப் பாடம் அந்த அடித்தளத்தின்மேல் ஏற்றப்படும்போதுதான் சுவர் விரிசல் காண்கிறது. அப்பொழுது மாணவர் மந்தமானவர் என்று பெயர் பெறுகிறார்.

திரிபு நீங்குதற்குரிய நான்கு நிலைகள்

போஸ்னர், ஸ்டிரைக், ஹியூசன், கெர்ட்ஸாக் என்னும் நால்வர் 1982 இல் எழுதிய கட்டுரை கல்வியியலாரிடையே பெரிதும் எடுத்தாளப்படுகிறது. அறிவியல் வரலாற்றில் ஒரு கொள்கை மறைந்து மற்றொரு கொள்கை நிலைபெறும் முறையை மாணவர் உள்ளத்தில் நிகழும் மாற்றத்தோடு ஒப்பிட்டு, நான்கு நிலைகளை அவர்கள் வகுத்தனர்.

ஒன்று, பழைய கருத்தில் மனநிறைவின்மை தோன்ற வேண்டும். அது விளக்கத் தவறும் இடத்தை மாணவர் தாமே காண வேண்டும். இரண்டு, புதிய கருத்து விளங்க வேண்டும். மூன்று, அது நம்பத்தக்கதாகத் தோன்ற வேண்டும். முன்னர் அறிந்த பிறவற்றோடு அது பொருந்த வேண்டும். நான்கு, அது பயன்பட வேண்டும். பழையதால் அவிழாத முடிச்சுகளை அது அவிழ்த்துக்காட்ட வேண்டும்.

இப்னுல் ஹைதமின் முறையை இந்நான்கோடும் ஒப்பிட்டு நோக்கலாம். கண் கூசுதலையும் நின்று தெரியும் சாயலையும் காட்டியது முதல் நிலை. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஒளி பரவுகிறது என்று தெளிவாக வகுத்தது இரண்டாம் நிலை. பழைய கூம்பையும் கோடுகளையும் காத்துக்கொண்டது மூன்றாம் நிலை. இக்கொள்கையின் வழி வந்த ஆய்வு கெப்ளர் வரை வளர்ந்து பயன் தந்தது நான்காம் நிலை. நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் இரண்டாம் நிலை ஒன்றே நடைபெறுகிறது. விளக்குகிறோம்; விளங்கிற்றா என்று கேட்கிறோம்; விளங்கிற்று என்கின்றனர்; அடுத்த பாடத்திற்குச் செல்கிறோம்.

தமிழ் வகுப்பில் ஒரு சான்று

இஃது அறிவியல் வகுப்புக்கு மட்டும் உரியதன்று. இலக்கண வகுப்பிலும் இதற்கு நேரான சான்று உண்டு. எழுத்து என்பது தாளில் எழுதப்படும் வடிவம் என்று மாணவர் பலர் கருதுகின்றனர். எழுத்து என்னும் சொல்லே அங்ஙனம் எண்ணத் தூண்டுகிறது. இலக்கணமோ எழுத்து என்று முதன்மையாகக் குறிப்பது ஒலியை. இவ்வேறுபாடு தெளியாதவரை புணர்ச்சி விதிகள் அனைத்தும் மனப்பாடச் சுமையாகவே இருக்கும்.

நாடு, நடு என்னும் இரு சொற்களை எடுத்துக்கொள்வோம். இரண்டின் ஈற்றிலும் எழுதப்படுவது ‘டு’ என்னும் ஒரே வடிவம். ஆயின் நாடு என்பதன் ஈற்று உகரம் அரை மாத்திரையாகக் குறுகி ஒலிக்கும் குற்றியலுகரம். நடு என்பதில் தனிக்குறிலை அடுத்து வருதலின் அது ஒரு மாத்திரை பெறும் முற்றியலுகரம். எழுத்தை வடிவமாகக் கருதும் மாணவர்க்கு, ஒரே வடிவம் இரண்டு பெயர் பெறுவது புலவர்களின் பொழுதுபோக்காகவே தோன்றும். குற்றியலுகரத்தின் இலக்கணத்தை அவர் பிழையின்றி எழுதுவார், ஆனால் நம்பமாட்டார்.

இங்கே விதியை மறுபடியும் ஓதுவதாற் பயனில்லை. அவருடைய கருத்து தோற்கும் இடத்தை அவர் காண வேண்டும். என்று என்னும் சொல்லை இரண்டோடும் சேர்த்துப் பார்க்கச் சொல்லலாம். நாடு என்பதோடு சேர்ந்தால் நாடென்று என வரும். நடு என்பதோடு சேர்ந்தால் நடுவென்று என வரும். வடிவம் ஒன்றாயின் விளைவு ஏன் வேறாயிற்று? இவ்வினா எழுந்த கணமே மனநிறைவின்மை தோன்றிவிடுகிறது. பின்னர் இரு சொற்களையும் வாய்விட்டு ஒலிக்கச் செய்தால், எழுத்து ஒலியே என்பது விளங்குகிறது. தாம் நாள்தோறும் பேசும் பேச்சில் இவ்வேறுபாடு முன்னரே இருப்பதைக் காணும்போது அது நம்பத்தக்கதாகிறது. வாழை இலை ஏன் வாழையிலை ஆகிறது என்பதற்கும் இதே திறவுகோல் பயன்படுகிறது. ‘ழை’ என்று எழுதப்படினும் அதன் ஈறு ஐகார உயிர். எதிரே நிற்பது இகர உயிர். இடையே யகர உடம்படுமெய் தோன்றுகிறது. தனித்தனி விதிகளாய் அச்சுறுத்தியவை ஒரே கருத்தின் கிளைகளாகத் தெரிகின்றன.

மறைந்து வாழும் பழைய எண்ணம்

இவ்வளவும் செய்தபின் பழைய எண்ணம் அடியோடு அழிந்துவிடுகிறதா? 2012 இல் ஷ்டுல்மன், வால்கார்சல் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. கல்லூரி மாணவர்களிடம் 200 கூற்றுகளைத் தந்து, அவை சரியா தவறா என்று விரைந்து கூறச் செய்தனர். நிலவு பூமியைச் சுற்றுகிறது என்பது பாமர எண்ணத்திற்கும் அறிவியலுக்கும் ஒத்த கூற்று. பூமி கதிரவனைச் சுற்றுகிறது என்பதோ அறிவியலுக்கு ஒத்தும் கண்ணாரக் கண்டதற்கு மாறுபட்டும் நிற்கும் கூற்று. இரண்டாம் வகைக் கூற்றுகளுக்கு விடையிறுக்க மாணவர்கள் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டனர், பிழைகளும் மிகுந்தன. நெடுங்காலத்திற்கு முன்பே கற்றுத் தெளிந்த செய்திகளிலும் இவ்வாறே நிகழ்ந்தது. புதிய அறிவு பழைய எண்ணத்தை அடக்கி வைக்கிறதேயன்றி அழித்துவிடுவதில்லை என்பது அவர்கள் கண்ட முடிவு.

இமாம் கஸ்ஸாலி அவர்கள் (1058–1111) தம் அறிவுத் தேட்டத்தை விவரிக்கும் ‘அல்முன்கிது மினள் ளலால்’ என்னும் நூலில் காட்டும் சான்றுகள் இங்கு நினைக்கத்தக்கன. நிழல் அசையாது நிற்பதாகக் கண் கூறுகிறது. அது சிறிது சிறிதாக நகர்ந்துகொண்டே இருப்பதைப் பின்னர் அறிகிறோம். விண்மீன் ஒரு பொற்காசு அளவே தெரிகிறது. அது பூமியினும் பெரியது எனக் கணிதம் காட்டுகிறது. கணிதம் கற்ற பின்னரும் விண்மீன் பொற்காசு அளவாகவே தெரிகிறது என்பதையும் நாம் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். கற்றவர்க்கும் கல்லாதவர்க்கும் காட்சி ஒன்றே. காட்சி தரும் தீர்ப்பை உடனே ஏற்காமல் நிறுத்தி வைக்கும் பழக்கமே கற்றவரிடம் கூடுதலாக உள்ளது.

ஆகவே திரிபு களைதல் ஒருநாளில் முடியும் பணியன்று. ஒருமுறை திருந்திய மாணவர் மறுமாதம் பழைய பிழையையே செய்தால், அவர் கவனமின்றி இருந்தார் என்று கடிந்துகொள்வது முறையாகாது. அடங்கிய எண்ணம் மீண்டும் தலைதூக்கியது என்று உணர்ந்து, மீண்டும் அதனோடு எதிர்கொள்ளச் செய்வதே ஆசிரியர் கடமையாகும்.

நிறைவுரை

பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் நூலாசிரியர் கொள்ளத்தக்க எழுவகை மதங்களைக் கூறுகிறார். பிறர் கொள்கையை முதலில் உடன்பட்டு ஏற்றுப் பின்னர் அதனைக் களைதல் அவற்றுள் ஒன்று. மறுத்தல் என்பதைத் தனியே கூறியவர் இதனையும் வேறாக வைத்து எண்ணியது கருதத்தக்கது. வெறுமனே மறுப்பது எளிது. எதிர்நிற்பவரின் கருத்தைத் தன் கருத்துப்போல் ஏற்று, அதனோடு சிறிது தொலைவு நடந்து, அது இடறும் இடத்தை அவருக்கே காட்டி நிற்பது அரிது. இப்னுல் ஹைதம் கதிர்க்கொள்கைக்குச் செய்ததும், நல்லாசிரியர் மாணவரின் திரிபுக்குச் செய்ய வேண்டியதும் இதுவே.

இஸ்லாத்தின் மூலமந்திரமாகிய கலிமாவும் மறுப்பில் தொடங்கி உடன்பாட்டில் நிறைவதை நாம் அறிவோம். வேறு இறைவன் இல்லை என்று முதலில் உள்ளத்தைத் துலக்கி, அதன்பின் ஒருவனை அங்கே நிறுவுகிறது அது. ஈமானுக்கும் வகுப்பறைப் பாடத்திற்கும் உள்ள தூரம் பெரிதாயினும், விலக்காமல் நிறுவ இயலாது என்னும் ஒழுங்கை இரண்டிலும் காணலாம்.

மாணவர் ஒருவர் தவறான விடை கூறும்போது அதைத் திருத்திவிட்டுக் கடந்து செல்லாமல், அவ்வாறு எண்ணியது ஏன் என்று ஒரு வினா கேட்க நம்மால் இயலும். அவ்வினா தண்டனைபோல் ஒலிக்காமல் இருத்தல் வேண்டும். கேலிக்கு அஞ்சும் மாணவர் தம் உண்மையான எண்ணத்தை வெளியிட மாட்டார். வெளிவராத திரிபைக் களைய எவராலும் இயலாது. மாணவர்களும் புதிய பாடத்தைத் திறக்கும்முன், இதுபற்றி யான் இதுகாறும் என்ன நினைத்திருந்தேன் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம். பாடம் முடிந்தபின் அத்தாளை மீண்டும் எடுத்து நோக்கின், எது நின்றது, எது நீங்கியது, எது இன்னும் உள்ளே ஒளிந்திருக்கிறது என்பது அவர்க்கே புலனாகும்.